கொழும்பு மட்டக்குளி கூல் ரூமில் உப்புத் தண்ணீர்: உச்ச நேரத்தில் கொம்பிரசரை நிறுத்திய கதை

மாலை ஆறரைக்குத்தான் அந்தக் களஞ்சியத்தில் சத்தம் கூடும். காலையில் போன ஐஸ்கிரீம் லொறிகள் விற்றது போக மிச்சத்தோடு திரும்பி வரும் நேரம் அது. ஃப்ரீசர் அறைக் கதவு திறந்து திறந்து மூடும், வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே போய்ப் புகையாகக் கிளம்பும், கொம்பிரசர் இரண்டும் மூச்சு விடாமல் ஓடும். அதே ஆறரைக்குத்தான் மின்சாரக் கட்டணத்தின் உச்ச நேரமும் தொடங்குகிறது. 2024 நடுப்பகுதியில் முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பில்லைக் கையில் தந்து கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இந்த நாலு மணித்தியாலத்துக்கு மட்டும் மெசினை நிப்பாட்ட ஏலாதோ?"

ஏலும் என்று நான் சொன்னது அவசரத்தில். இரவில் உப்புத் தண்ணீரைத் தட்டுகளில் உறைய வைத்து, மாலையில் மெசினை நிறுத்திவிட்டு அது உருகும் குளிரில் அறையை ஓட்டுவதுதான் யோசனை; இப்படி உறைந்து உருகிக் குளிரைச் சேமிப்பதை நிலைமாறு பொருள் என்பார்கள். அதைச் செய்து முடிக்க ஏழு மாதம் எடுத்தது; அதில் பாதி என் பிழைகளைத் திருத்திய காலம். களஞ்சியத்தின் பெயரையும் முதலாளியின் பெயரையும் விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். இதே யோசனையோடு இருப்பவர்கள் நான் விட்ட பிழைகளையாவது விடாமல் இருக்கலாம்.

பில்லில் என்ன இருந்தது

42 கேவிஏக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தின் அளவு) மேல் ஒப்பந்தம் உள்ள இடங்களுக்குப் பில் மூன்று நேரமாகப் பிரிந்து வரும். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 10.30 முதல் மறுநாள் 5.30 வரை உச்சமல்லாத நேரம். உச்ச நேரத்து அலகுதான் (யூனிட்) விலை கூடியது, இரவு அலகு மலிவு. இதற்கு மேல் கேள்விக் கட்டணம் (டிமாண்ட் சார்ஜ்) என்று ஒன்று தனியாக இருக்கிறது. மாதத்தில் ஏதாவது ஒரு 15 நிமிடத்தில் நீங்கள் ஆகக் கூட இழுத்த கேவிஏ எவ்வளவோ, அந்த மாதம் முழுக்க அதற்குத்தான் காசு. அலகு விலைகளை இங்கே எழுதவில்லை. 2022 ஓகஸ்டிலிருந்து ஏறி, 2024இல் இரண்டு தடவை இறங்கி, 2025 சனவரியில் இன்னும் இறங்கி, சூனில் மறுபடி ஏறிய கட்டணம் அது. நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

ஏன் மாலை என்றால், நம் நாட்டின் உச்சம் காலங்காலமாக மாலை உச்சம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் லைட், டிவி, மின்விசிறி, ரைஸ் குக்கர். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாற்றும் நீர்மின்சாரமும் தாண்டித் தேவைப்படுவதை எண்ணெய் எரித்துத்தான் கொடுக்க வேண்டும். ஏசி பெருகிய பிறகு பகலிலும் ஒரு மேடு எழுந்திருக்கிறது, ஆனால் கட்டணப் பட்டியலில் விலை கூடிய நேரம் இன்னும் அந்த நாலு மணித்தியாலம்தான்.

வெளிநாட்டில் எழுதப்பட்ட நிலைமாறு பொருள் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே வந்து அதையே செய்யப் பார்ப்பவர்கள் விழும் குழியும் இதுதான். அந்தக் கட்டுரைகள் பலவற்றில் உச்சம் பிற்பகல், ஆகவே அலுவலகக் கட்டடத்தில் இரவில் குளிரைச் சேமித்துப் பிற்பகலில் செலவழிப்பது அங்கே பொருந்தும். கொழும்பில் ஆறரைக்கு அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஏசியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆறரைக்கும் பத்தரைக்கும் நடுவில் குளிர் வேண்டியிருப்பது ஹோட்டல், ஆஸ்பத்திரி, சூப்பர் மார்க்கெட், கல்யாண மண்டபம், பிறகு எங்கள் முதலாளி ஐயாவின் களஞ்சியம் மாதிரி இடங்களுக்கு.

பொருள் என்ன, ஏன்

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான், பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் என்று படித்தது. ஒரு கிலோ தண்ணீரை 20 பாகையிலிருந்து 0 வரை குளிர்விக்க 84 கிலோயூல் எடுத்தால் போதும். அதே தண்ணீரை 0 பாகையிலேயே வைத்துக் கட்டியாக்க 334 கிலோயூல் எடுக்க வேண்டும். கட்டியாக இருப்பது உருகும் போது அவ்வளவையும் சுற்றியிருப்பதிடமிருந்து இழுத்துக்கொள்ளும், உருகி முடியும் வரை வெப்பநிலை அசையாது. பேலியகொடை மீன் சந்தையில் பெட்டிக்குள் ஐஸ் அள்ளிப் போடுகிறவரும் நிலைமாறு பொருளைத்தான் பாவிக்கிறார். ஏசிக்காரர் சொல்லும் ஒரு டன் என்ற அளவுகூட, ஓர் அமெரிக்க டன் ஐஸ் ஒரு நாளில் உருகும் போது இழுக்கும் வெப்பம்தான், சுமார் 3.5 கிலோவாற்று.

ஃப்ரீசருக்கு வெறும் தண்ணீர் சரிவராது, 0 பாகையில் உருகும் பொருளால் மைனஸ் 18ஐக் காக்க முடியாது. கறியுப்பை நூற்றுக்கு 23.3 பங்கு எடைக்குக் கலந்தால் அந்தக் கரைசல் மைனஸ் 21 பாகையில் ஒரே வெப்பநிலையில் உறைந்து உருகும், கிலோவுக்குச் சுமார் 230 கிலோயூல் பிடிக்கும். உப்பு இதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் கட்டியாவது ஒரு வெப்பநிலையில் நடக்காமல் இழுபடும், அதனால் தராசு முக்கியம். பொட்டாசியம் குளோரைட்டு என்றால் மைனஸ் 10.7, அது ஐஸ்கிரீமுக்குப் போதாது. வெளிநாட்டிலிருந்து நிரப்பி வரும் தட்டுகளும் இருக்கின்றன, ஆனால் விலையைக் கேட்ட ஐயா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், உப்பும் தண்ணீரும்தானே, நாமே நிரப்புவோம் என்று முடிவானது. உடைந்து கொட்டினாலும் சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பரஃபின் என்றால் தீப்பிடிக்கும் கவலை வேறு இருக்கும்.

கணக்கு

எடுத்துக்கொண்டது ஓர் அறை. ஆறு மீற்றர் நீளம், ஐந்து அகலம், மூன்று உயரம், சுவர் 100 மில்லிமீற்றர் பொலியுரேத்தேன் பலகை. சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 126 சதுர மீற்றர். வெளியே 31, உள்ளே மைனஸ் 20 என்றால் பலகை வழியாக மட்டும் ஏறக்குறைய 1.4 கிலோவாற்று வெப்பம் உள்ளே வரும். விசிறி மோட்டர்களின் சூடும் கசிவும் சேர்ந்தால் கதவு மூடியிருக்கும் போது 2.4. லொறி வரும் நேரத்துக் கதவுத் திறப்பையும் சேர்த்து மாலை நாலு மணித்தியாலத்துக்குச் சராசரி 4 கிலோவாற்று என்று எடுத்தேன். நாலு தரம் நாலு, 16 கிலோவாற்று மணி, அதாவது 57,600 கிலோயூல். அதை 230ஆல் வகுத்தால் 250 கிலோ கரைசல், பாதுகாப்புக்கு மூன்றில் ஒன்று கூட்டி 330 கிலோ. அரை மீற்றர் நீளம், கால் மீற்றர் அகலம், இரண்டேகால் சென்றிமீற்றர் தடிப்பில் கெட்டிப் பிளாஸ்ரிக் தட்டுகள் 110, ஒவ்வொன்றிலும் மூன்று கிலோ. கொயிலுக்கு (அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முன்னால் கூரையோடு ராக்கை அடித்து அடுக்கினோம்.

கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் வேலை செய்யவில்லை.

முதல் பிழை, ஒரு பாகை

முதல் வாரம் ஒரு தட்டுக்கூட உறையவில்லை. காலையில் போய் எடுத்துக் குலுக்கினால் சளக் சளக் என்று தண்ணீர். அறையின் தேர்மொஸ்ரற் மைனஸ் 20இல் இருந்தது. மைனஸ் 20 காற்றால் மைனஸ் 21இல் உறையும் பொருளை எப்படி உறைய வைக்க முடியும்? எழுதும் போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதை நான் மட்டும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கு மேல், உப்புக் கரைசல் சரியாக மைனஸ் 21இல் உறையத் தொடங்குவதும் இல்லை. இரண்டு மூன்று பாகை கீழே போன பிறகுதான் முதல் படிகம் விழும், அதுவரை குளிர்ந்த திரவமாகவே ஏமாற்றிக்கொண்டு இருக்கும். இரவில் காற்றை மைனஸ் 26க்கு இறக்கிய பிறகுதான் வெள்ளையாகக் கட்டியானது.

இறக்கியதற்கு விலை உண்டு. கொயில் ஒரு பாகை கீழே போனால் அதே குளிருக்குக் கொம்பிரசர் இரண்டு மூன்று வீதம் கூட மின்சாரம் எடுக்கும். இரவில் வெளிக்காற்று கொஞ்சம் தணிவதால் கொஞ்சம் திரும்பி வரும், முழுக்க வராது. ஆகவே இந்த அறையின் மாத மொத்த அலகு குறையவில்லை, சற்றுக் கூடியது. நிலைமாறு பொருள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று யாராவது விற்க வந்தால், எந்த நேரத்து மின்சாரத்தை என்று கேளுங்கள்.

இரண்டாவது பிழை, தடிப்பு

தட்டுகள் உறைந்தன, ஆறரைக்குக் கொம்பிரசரை நிறுத்தினோம், விசிறி மட்டும் ஓடியது. வெப்பநிலையைப் பதியும் டேட்டா லொகரைக் கதவுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, பெட்டிகளுக்கு இடையில் ஒன்று என்று வைத்திருந்தோம். ஏழே காலுக்கு இரண்டு லொறி ஒன்றாக வந்தது. ஏழரைக்கு நடு அறைக் காற்று மைனஸ் 14. ராக்கையில் கையை வைத்துப் பார்த்தால் தட்டுகள் இன்னும் கல் மாதிரிக் கட்டியாக இருக்கின்றன! அவற்றுக்குள் குளிர் நிறைய இருக்கிறது, வெளியே வர வழி இல்லை.

குளிரின் அளவைக் கணக்கிட்ட நான் அது வெளிவரும் வேகத்தைக் கணக்கிடவில்லை. 110 தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து 27 சதுர மீற்றர்தான். விசிறிக் காற்றில் ஒரு சதுர மீற்றர் ஒரு பாகை வித்தியாசத்துக்கு 20 வாற்று இழுக்கும் என்று வைத்தால், 4 கிலோவாற்று இழுக்கக் காற்று தட்டைவிட ஏழு பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். மைனஸ் 21இலிருந்து ஏழு பாகை மேலே என்றால் மைனஸ் 14. லொகர் காட்டியது அச்சொட்டாக அதைத்தான். இதில் இன்னொரு கூத்து, களஞ்சியத்துப் பெடியள் இடம் மிச்சம் என்று சில தட்டுகளைச் செங்கல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருந்தார்கள். அதில் நடுத் தட்டுகளுக்குக் காற்றே படவில்லை.

தீர்வு அதே 330 கிலோதான், ஆனால் தடிப்பு பாதி. ஒரு சென்றிமீற்றருக்குச் சற்று மேலான தடிப்பில் தட்டு 220, ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கிலோ, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தி வைத்தது. பரப்பு 55 சதுர மீற்றர் ஆனது, மாலைக் காற்று மைனஸ் 17க்கும் 18க்கும் இடையில் நின்றது, லொறிகள் ஒன்றாக வரும் கால் மணித்தியாலம் மட்டும் மைனஸ் 16ஐத் தொட்டு இறங்கும். உறைவதும் வேகமாகி, ஏழு மணித்தியால இரவில் பாதிக்குள் முடிந்தது. தட்டு விற்பவர்கள் எத்தனை கிலோ, எத்தனை கிலோயூல் என்று சொல்வார்கள். எத்தனை சதுர மீற்றர் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நிரப்புவது பற்றியும் ஒரு சொல். உறையும் போது பருமன் கூடும், வாய் வரை நிரப்பினால் தட்டு வீங்கி வெடிக்கும். பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விடச் சொல்லியிருந்தேன், அவசரத்தில் நிரப்பிய ஏழெட்டுத் தட்டு கீறி, உப்புத் தண்ணீர் ராக்கையில் வடிந்து, இரண்டே மாதத்தில் இரும்புச் சட்டம் செம்பழுப்பாகப் பொருமிவிட்டது. இப்போது இருப்பது அலுமினியச் சட்டம்.

பெட்டிகளே போதாதா?

ஒரு நண்பர் நல்ல கேள்வி கேட்டார். அறையில் பத்து டன் உறைந்த கோழி இருந்தால் அதுவே ஒரு பெரிய குளிர்ச் சேமிப்பு அல்லவா, எதற்குத் தட்டு? உண்மைதான். உறைந்த இறைச்சி ஒரு கிலோவுக்கு ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2 கிலோயூல் பிடிக்கும், பத்து டன்னுக்கு 20 மெகாயூல். எங்கள் மாலைச் சுமை முழுவதும் 57 மெகாயூல், அதாவது மூன்று பாகை ஏற்றம். இரவில் மைனஸ் 23க்குக் குளிர்வித்து வைத்தால் மாலையில் கொம்பிரசர் இல்லாமலே ஓட்டிவிடலாம், தட்டுக்கென்று ஒரு சதச் செலவும் இல்லை. கோழி மட்டும் இருக்கும் நிறைந்த அறைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஐயாவின் அறையில் இருப்பது பெரும்பாலும் ஐஸ்கிரீம். அது பாரமில்லாத சாமான், பாதி காற்று. மூன்று பாகை ஏறி இறங்குவது ஒவ்வொரு நாளும் நடந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் படிகங்கள் உருகிப் பெரிதாகச் சேரும், வாயில் வைத்தால் மணல் மாதிரி நறுக்கென்று இருக்கும், பெட்டி மூடிக்குள் பனி கட்டும். கடைக்காரர் திருப்பி அனுப்பினால் மின்சாரத்தில் பிடித்த காசு எங்கே போகும்? அத்தோடு சாமான் எப்போதும் நிறைந்தும் இருக்காது, புதுச் சரக்கு வருவதற்கு முதல்நாள் அறை வெறிச்சோடிக் கிடக்கும். தட்டு அன்றைக்கும் இருக்கும்.

டிஃப்ரோஸ்ற் மணிக்கூடு

இந்த வேலையில் என்னை ஆகக் கூட யோசிக்க வைத்தது உப்புத் தண்ணீர் அல்ல. கொயிலில் கட்டும் பனியை உருக்க ஐந்து கிலோவாற்று ஹீற்றர் ஒன்று ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முப்பத்தைந்து நிமிடம் எரியும். எப்போதோ பொருத்தியவர் மணிக்கூட்டை வைத்த விதத்தில் ஒரு தடவை மிகச் சரியாக மாலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தது. அதாவது நாளின் ஆக விலை கூடிய நேரத்தில் ஃப்ரீசருக்குள் அடுப்பு மூட்டிவிட்டு, அந்தச் சூட்டை வெளியே தள்ளக் கொம்பிரசருக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹீற்றருக்கு மூன்று அலகு, அந்தச் சூட்டை அகற்ற இன்னொன்று. தட்டுகள் எல்லாம் சேர்ந்து உச்ச நேரத்திலிருந்து நகர்த்தியது ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு அலகு. மணிக்கூட்டைத் திருப்பியது மட்டும் நாலு அலகு. அதற்கான செலவு ஒரு திருப்புளியும் இரண்டு நிமிடமும்.

களஞ்சியத்தைப் பார்க்கும் ஹற்றன் தம்பியிடம் இதைச் சொன்ன போது அவர் சிரித்துவிட்டு, "அண்ணா, அது அந்த நேரம் எரியுதுன்னு எனக்குத் தெரியும், யாரும் கேக்கலையே" என்றார். பனிப்புகை நடுவே ஏழு மணிக்குக் கொயில் சொட்டுவதை ஒவ்வொரு நாளும் பார்த்தவர் அவர்தான். நான் முதல்நாளே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

பத்தரை மணிக் கூட்டம்

மூன்றாவது பிழை பில்லில்தான் தெரிந்தது. டிஃப்ரோஸ்றை ஏழிலிருந்து எடுத்துப் பத்தரைக்கு வைத்திருந்தேன், மலிவு நேரம் தொடங்குகிறதல்லவா. நிறுத்தி வைத்த கொம்பிரசரும் பத்தரைக்கு. மற்ற அறைக்கும் அதே டைமர் ஒழுங்கைப் போட்டதில் அதன் ஹீற்றரும் பத்தரைக்கு. நாலு மணித்தியாலம் பொறுமையாக இருந்தவை எல்லாம் ஒரே நிமிடத்தில் எழும்பின. மாதத்தின் அதிகூடிய கேள்வி முன்பு 44 கேவிஏ, அந்த மாதம் 49. உச்ச அலகில் பிடித்ததைக் கேள்விக் கட்டணம் பெரும்பாலும் தின்றுவிட்டது. ஐயா பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீர் சொன்ன மாதிரி குறைஞ்சிருக்கு, நீர் சொல்லாத மாதிரி கூடியிருக்கு" என்றார்.

பிறகு வரிசை போட்டோம். முதல் கொம்பிரசர் 10.35, இரண்டாவது 11.15, ஹீற்றர்கள் அதிகாலை 4.15க்கும் 4.55க்கும், அதாவது தட்டுகள் உறைந்து முடிந்து மலிவு நேரம் தீர்வதற்கு முன். அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அதிகூடிய கேள்வி 41 அளவில் நிற்கிறது, அதுவும் இப்போது பிற்பகல் மூன்று மணிக்கு விழுகிறது. மாலை மேடு மறைந்து பகல் மேடு வெளியே தெரிகிறது. அதற்கு மேல் குறைப்பது வேறு வேலை.

எல்லா நாளும் நாலு மணித்தியாலமும் தாங்குவதில்லை. நீண்ட விடுமுறைக்கு முதல்நாள், தீபாவளிக் கிழமை, வெசாக் கிழமை என்றால் லொறி ஒன்பதரைக்கும் வரும். அன்றைக்குத் தட்டு ஒன்பதுக்கே உருகி முடிந்து காற்று மைனஸ் 15ஐத் தாண்ட, கொம்பிரசர் தானாக எழும்பிவிடும். அப்படித்தான் வைத்திருக்கிறோம். காசு மிச்சத்துக்காகச் சாமானைக் கெடுக்கும் டைமரை யாரும் பொருத்தக் கூடாது.

குரங்கு வந்த ஞாயிறு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்ட நாள். இருட்டைப் பகலில் பார்க்க முடியாது என்பது வேறு. ஜெனரேற்றரை இயக்கினார்கள், ஆனால் டீசல் எவ்வளவு நேரத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. மெல்லிய தட்டுகள் வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்த அறையின் கொம்பிரசரை ஜெனரேற்றரில் போடாமல் விசிறியை மட்டும் போடச் சொன்னேன். ஞாயிறு என்பதால் கதவு திறக்கவில்லை, சுமை 2.4 கிலோவாற்று, தட்டில் முழுக் கட்டி, 21 கிலோவாற்று மணி. மாலை ஐந்து மணிக்குக் கதவுப் பக்க லொகர் மைனஸ் 17 காட்டியது. பின்னால் நுரைச்சோலை இயந்திரங்கள் நின்றதில் ஒன்றரை மணித்தியால வெட்டுகள் வந்த நாட்களிலும் அந்த அறை அசையவில்லை. உண்மையைச் சொன்னால், ஐயா இரண்டாவது அறைக்கும் சம்மதித்தது பில்லைப் பார்த்து அல்ல, இந்த ஞாயிறைப் பார்த்துத்தான். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் வரை வெட்டிய நாட்களில் டீசலுக்கு வரிசையில் நின்றவர் அவர்.

இரண்டாவது அறைக்கு நிரப்பப் போனது 2025 மே. நாட்டில் உப்பு இல்லை! சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு, மழையில் உப்பளம் கெட்டு, கடைகளில் ஒரு பைக்கெட் உப்புக்கு ஆட்கள் அலைந்த மாதம். எங்களுக்கு வேண்டியது 77 கிலோ. சமைக்க உப்பில்லாத நேரத்தில் தட்டில் ஊற்ற உப்பு வாங்குவதா என்று ஐயாவின் மனைவி கேட்டது நியாயம். ஆகஸ்டில்தான் நிரப்பினோம்.

வீட்டுக் கூரைக்குப் போடலாமா?

இந்த வேலையைப் பற்றிப் பேசினால் வெள்ளவத்தை ஃபிளாற்காரர் எல்லோரும் கேட்பது இது. 23 பாகை, 26 பாகையில் உருகும் பொருளைக் கூரைப் பலகைக்குள் வைத்தால் பகல் சூட்டைக் குடித்துக்கொள்ளும், இரவுக் குளிரில் மறுபடி உறையும், ஏசியே வேண்டாம் என்பது கதை. இரவு 15 பாகைக்கு இறங்கும் ஊரில் அது கதையல்ல, நடப்பது. கொழும்பில் இரவு எத்தனை பாகை? 25, 26. பல வீடுகளில் சுவர் சூடு ஆறவே விடியும். உறையாத பொருள் மறுநாளைக்கு வெறும் பாரம். ஏசி போட்டு உறைய வைக்கலாம் என்பார்கள்; வீட்டு மீற்றரில் நேரத்துக்கு ஒரு விலை இல்லையென்றால் அதில் என்ன மிச்சம்? நுவரெலியாவில் வீடு கட்டுகிறவருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அவருக்கு ஏசியே தேவையில்லை.

சூட்டைச் சேமிக்கும் பக்கத்திலும் இதே மாதிரி ஆசைப்பட்டுச் சறுக்கிய பழைய கதை உண்டு. 1948இல் அமெரிக்காவின் டோவர் என்ற ஊரில் மாரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி சூரிய வீட்டுக்குக் கிளோபர் உப்பைப் பாவித்தார், 32 பாகையில் உருகுவது. சில குளிர்காலம் நன்றாக ஓடியது, பிறகு உப்பும் தண்ணீரும் பிரிந்து அடியில் படிந்து மறுபடி சேரவில்லை. எங்கள் கறியுப்புக் கரைசலில் அந்தப் பிரிவு இல்லை, சரியான விகிதத்தில் கலந்தால் எத்தனை தடவை உறைந்தாலும் அதுவே. விகிதம் பிழைத்தால்தான் தொல்லை.

ஹோட்டல்காரருக்கு வேறு கணக்கு. அவர்களுடைய சில்லர், அதாவது ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெசின், 6, 7 பாகைத் தண்ணீர் அனுப்பும். ஐஸ் தொட்டி வைத்தால் சில்லரை மைனஸ் 5, 6க்கு இறக்க வேண்டும், அதற்கு வேறு சில்லரே வேண்டியிருக்கும். 8 பாகை அளவில் உறையும் பொருள் என்றால் இருக்கும் சில்லரையே 4 பாகையில் ஓட்டி நிரப்பலாம். இரவு விருந்து நடக்கும் நேரம் உச்ச நேரத்தோடு அப்படியே ஒத்துப்போவதால் கொழும்பில் இதற்கு ஆகப் பொருத்தமான இடம் அவர்கள்தான் என்பது என் எண்ணம். ஆனால் அங்கே யாரும் உப்புத் தண்ணீரைக் கையால் நிரப்ப விடமாட்டார்கள்.

காசு, பிறகு மதியம்

ராக்கை, தட்டு, டைமர், கூலி, நான் வீணாக்கிய தடித்த தட்டுகள் உட்பட எல்லாம் சேர்த்து முதல் அறைக்கு ஆன செலவு ஒரு புதுக் கொம்பிரசர் விலையில் மூன்றில் ஒன்று அளவு. மணிக்கூட்டையும் சேர்த்து மாதம் 450 அலகு உச்சத்திலிருந்து இரவுக்கு நகர்கிறது. 2024இல் போட்ட கணக்கில் மூன்று வருடத்தில் திரும்பும் என்றேன். 2025 சனவரியில் கட்டணம் குறைந்ததும் அது நீண்டது, சூனில் கூடியதும் சுருங்கியது. ஐயா இப்போது என்னிடம் வருடக் கணக்குக் கேட்பதில்லை.

மாறிக்கொண்டிருக்கும் இன்னொன்றும் உண்டு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சோலர்களை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிஞ்சுவதும் மாலையில் போதாமல் போவதும் ஒரே ஊரில். தட்டை நள்ளிரவில் உறைய வைப்பதைவிட மதியம் உறைய வைப்பதுதான் கட்டமைப்புக்கு நல்லது, ஆறரைக்கு முன்னால் காத்திருக்கும் நேரமும் குறையும். 2025 கட்டணப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை, பகல் அலகு இரவு அலகை விட விலை கூடத்தான் இருந்தது. ஐயா கூரைக்குச் சோலர் போட விலை கேட்டிருக்கிறார். போட்டால் டைமரைத் திருப்ப வேண்டியதுதான், அதே திருப்புளி.

மிச்சமிருப்பது பட்டரும் சீஸும் பழமும் வைக்கும் சில்லர் அறை, 3 பாகை. அதற்கு உப்பும் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும், 0 பாகையில் உருகும். ஆனால் உறைய வைக்கக் காற்றை மைனஸ் 4, 5க்கு இறக்க வேண்டும், அந்தக் காற்று படுகிற பழம் மறுநாள் கறுத்துவிடும். ஆறு பாகை அளவில் உருகும் பரஃபின் இருக்கிறது, அது பழத்துக்கு நல்லது, பட்டருக்கும் சீஸுக்கும் சூடு, விலையும் தீயும் வேறு. பட்டர் மட்டும் என்றால் நாளைக்கே தட்டை நிரப்பலாம். பழத்தை எந்த அறைக்கு மாற்றுவது என்று ஐயா இன்னும் சொல்லவில்லை.